வினைல் குளோரைடு: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சரக்கு ரயில் கவிழ்ந்து, கரும்புகை வானத்தை மூடிய காணொளிகள் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றின. அதிலிருந்து வினைல் குளோரைடு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கேள்விகளில் பெரும்பாலானவை வீட்டுக் குழாயைப் பற்றியவை. அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இந்த வாயுவின் பாதிப்பை உண்மையில் சுமந்தவர்கள் குழாயைப் பயன்படுத்தியவர்கள் அல்ல. குழாய்க்கான மூலப்பொருளைத் தயாரித்தவர்களும், அது போகிற பாதையில் குடியிருந்தவர்களும்தான். பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வினைல் குளோரைடு என்றால் என்ன?

நிறமில்லாத, எளிதில் தீப்பற்றும் வாயு. மைனஸ் 13 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால், அழுத்தத்தில் திரவமாக்கித்தான் டேங்கர்களில் கொண்டுபோகிறார்கள். இயற்கையில் குறிப்பிடும்படி கிடைப்பதில்லை. 1835-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி விக்தோர் ரெனோ இதை முதன்முதலில் தயாரித்தார். இன்று உலகத்தில் தயாராகும் வினைல் குளோரைடு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே வேலைக்குத்தான்: அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து பி.வி.சி. பிளாஸ்டிக் செய்வது. தண்ணீர்க் குழாய், மின்கம்பி உறை, ஜன்னல் சட்டம், ரெக்ஸின், ரத்தப் பை என்று அது போகாத இடமில்லை.

அப்படியானால் எங்கள் வீட்டு பி.வி.சி. குழாயிலிருந்து இந்த வாயு வருமா?

பயப்படும் அளவுக்கு வராது. சங்கிலியாகக் கோக்கப்பட்ட பிறகு அது வேறு பொருள். குழாயில் மிச்சமிருப்பது வினையில் சேராமல் தப்பிய துளியளவு வாயு மட்டும்தான். ஒரு காலத்தில் அந்த மிச்சம் அதிகமாகவே இருந்தது. அமெரிக்காவில் 1977-க்கு முன்பு செய்யப்பட்ட குழாய்கள் சிலவற்றில், தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் கடைசி முனைகளில் இது கரைந்து வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் உற்பத்தி முறை மாறியது. உணவோடு தொடர்புள்ள பி.வி.சி.யில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது என்று ஐரோப்பா 1978-லேயே விதி போட்டுவிட்டது.

நம் நாட்டுக் குழாய்களில் உண்மையான கவலை ஈயம். குழாய் வெயிலிலும் சூட்டிலும் சிதையாமல் இருக்க ஈய உப்புகளைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு 2021-இல் தனி விதிகளே கொண்டுவந்தது. புதுக் குழாய் வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வினைல் குளோரைடை நினைத்து குழாயைப் பிடுங்க வேண்டாம்.

கசிந்தால் வாசனையில் தெரியுமா?

தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேசான இனிப்பு வாசனை உண்டு, ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 3,000 பங்கு சேர்ந்த பிறகுதான் பெரும்பாலோரின் மூக்குக்கு அது எட்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பி.பி.எம். என்கிறோம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 1 பி.பி.எம். அதாவது வாசனை தெரிகிற நேரத்தில், வரம்பைப்போல ஆயிரக்கணக்கான மடங்கை ஏற்கனவே சுவாசித்துக்கொண்டிருப்பீர்கள். “நாத்தமே இல்லையே, ஒண்ணும் ஆகாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடலுக்குள் போனால் என்ன செய்யும்?

ஒரே நேரத்தில் நிறைய சுவாசித்தால் தலைச்சுற்றல், தலைவலி, தூக்கக் கலக்கம், அளவு மீறினால் மயக்கம், மரணம். இதை அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று கூட ஒரு காலத்தில் ஆராய்ந்தார்கள். இதயத் துடிப்பைக் குலைத்ததால் விட்டுவிட்டார்கள். திரவமாகத் தோலில் பட்டால் உறைபனிக் காயம்.

ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவது வேறு கதை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி, இந்த வாயுவை வெளியேற்றுவதற்காக அதை மாற்றுகிறது. அந்த மாற்றத்தில் பிறக்கும் பொருள் மூலப்பொருளைவிட மோசமானது. மரபணுவோடு ஒட்டிக்கொண்டு எழுத்துப் பிழைகளை உண்டாக்கும். கல்லீரல் முதலில் அடிபடுவதற்குக் காரணம் இதுதான். கல்லீரலின் ரத்தக் குழாய்ச் சுவரில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிய புற்றுநோயையும், வழக்கமான கல்லீரல் புற்றுநோயையும் இது உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவற்றின் வரிசையில், வைத்திருக்கிறது. ஏற்கனவே ஹெபடைடிஸ் கிருமி இருப்பவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடும்.

விரல்களையும் இது விடவில்லை. பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின, தோல் தடித்தது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் விரல் நுனி எலும்புகள் கரைந்திருந்தன. இது 1960-களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது.

புற்றுநோய் தரும் என்பது எப்படி வெளியே வந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அன்றைய பி.வி.சி. ஆலைகளில் வாயுவைப் பிளாஸ்டிக்காக மாற்றுவது பெரிய மூடிய உலைகளில். ஒவ்வொரு முறையும் உலையின் உள்சுவரில் பிளாஸ்டிக் அடை அடையாகப் படியும். அதைச் சுரண்டி எடுக்கத் தொழிலாளிகள் உலைக்குள் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றில் மிச்ச வாயு பல நூறு பி.பி.எம். இருப்பது சாதாரணம். அன்று அமெரிக்காவில் சட்டப்படி அனுமதித்த அளவே 500 பி.பி.எம். டௌ என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1961-லேயே விலங்குகளின் கல்லீரலில் மாற்றங்களைப் பார்த்து, வரம்பை 50-ஆகக் குறைக்கச் சொன்னார்கள். குறைக்கவில்லை.

1970-இல் இத்தாலிய மருத்துவர் பியெர்லூயிஜி வியோலா, இந்த வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்ததைச் சொன்னார். மிக அதிக அளவு கொடுத்தார், அதனால்தான் என்று தள்ளிவிட்டார்கள். ஐரோப்பிய நிறுவனங்களின் செலவிலேயே இத்தாலியின் பொலோன்யா நகரில் செசாரே மால்தோனி என்ற ஆய்வாளர் அந்தச் சோதனையை மறுபடி செய்து பார்த்தார். 250 பி.பி.எம். அளவிலேயே எலிகளுக்குக் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா வந்தது. அந்தத் தகவல் அமெரிக்க நிறுவனங்களுக்கும் போனது, ரகசியமாக வைத்துக்கொள்கிறோம் என்ற உடன்பாட்டோடு. பின்னாளில் வழக்குகளில் வெளிவந்த ஆவணங்கள் இதைக் காட்டின. அந்த மாதங்களிலும் ஆட்கள் உலைக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பி.எஃப். குட்ரிச் ஆலையில் மருத்துவராக இருந்த ஜான் கிரீச், ஒரே ஆலைத் தொழிலாளர்கள் அடுத்தடுத்து இந்த அரிய புற்றுநோயால் இறப்பதைக் கவனித்தார். நாடு முழுக்க ஆண்டுக்குச் சில பத்துப் பேருக்கு மட்டுமே வருகிற நோய் ஒரு ஆலையில் மூன்று பேருக்கு வந்தால் அது தற்செயல் இல்லை. 1974 ஜனவரியில் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்தது. அதே ஆண்டில் வரம்பு 1 பி.பி.எம். என்று விதி வந்து, 1975-இல் அமலானது. இது நடக்காத காரியம், ஆலைகளை மூட வேண்டியிருக்கும் என்று தொழில்துறை வாதாடியது. ஆனால் மூடிய குழாய் அமைப்பு, உயர் அழுத்தத் தண்ணீரால் உலையைக் கழுவுதல், மிச்ச வாயுவைப் பிரித்தெடுத்தல் ஆகியவற்றால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதைச் சாதித்தும் காட்டியது. இதைச் செய்யும் திறமை முன்பே இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

இன்னொன்று. அதுவரை தலைமுடி ஸ்பிரே, பூச்சி மருந்து ஸ்பிரே டப்பாக்களில் மருந்தைத் தள்ளும் வாயுவாகவும் இதைப் பயன்படுத்தினார்கள். அழகு நிலையங்களில் வேலை பார்த்த பெண்கள் நாள் முழுக்க இதைச் சுவாசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1974-இல்தான் அது தடை செய்யப்பட்டது.

1 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லையா?

மரபணுவைத் தாக்கும் பொருளுக்கு “இதற்குக் கீழே பூஜ்ஜிய ஆபத்து” என்று கோடு கிழிக்க முடியாது. குறையக் குறைய ஆபத்தும் குறையும், அவ்வளவுதான். 1974-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் ஆஞ்சியோசார்கோமா மிக அரிதாகிவிட்டது என்பது அந்த விதியின் வெற்றி. ஆனால் புற்றுநோய் ஒன்று மட்டுமே அளவுகோல் இல்லை. லூயிவில் தொழிலாளர்களைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வு ஒன்று, உடல் பருமனோ குடிப்பழக்கமோ இல்லாதவர்களுக்கும் கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் இருந்ததைக் காட்டியது. இவர்கள் பழைய காலத்தில் அதிகம் சுவாசித்தவர்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிறந்தவுடன் சுவாசித்த விலங்குகள், வளர்ந்த பிறகு சுவாசித்தவற்றைவிட அதிகம் பாதிக்கப்பட்டன.

ஈஸ்ட் பாலஸ்தீனில் நடந்தது என்ன?

2023 பிப்ரவரி 3 இரவு, ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம் புரண்டது. ஒரு சக்கரத்தின் பேரிங் சூடாகிப் பழுதானதுதான் காரணம். 38 பெட்டிகள் கவிழ்ந்தன. அவற்றில் 11 பெட்டிகளில் அபாயகரமான பொருள்கள், அதிலும் 5 பெட்டிகளில் வினைல் குளோரைடு, மொத்தம் சுமார் 4,37,000 லிட்டர். மற்ற பெட்டிகளிலிருந்து கசிந்த பியூட்டைல் அக்ரிலேட் போன்ற ரசாயனங்கள் தீப்பிடித்தன, ஓடைகளில் கலந்தன. மீன்களும் பிற நீர்வாழ் உயிர்களுமாக 43,000-க்கும் மேல் செத்ததாக மாநில அரசே கணக்கிட்டது. சுமார் 2,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள்.

பிப்ரவரி 6 அன்று, வினைல் குளோரைடு டேங்கர்கள் வெடித்துவிடும் என்று சொல்லி, வெடிவைத்து அவற்றில் துளையிட்டு, வாயுவைக் குழிகளில் வடித்து எரித்தார்கள். நாம் பார்த்த கரும்புகை அதுதான். இரண்டே நாளில், பிப்ரவரி 8-இல், மக்கள் வீடு திரும்பலாம் என்று அறிவித்தார்கள். திரும்பியவர்களில் பலர் தலைவலி, இருமல், தோல் தடிப்பு என்று புகார் சொன்னார்கள்.

எரித்தது சரியான முடிவா?

இல்லை. இது என் கருத்து மட்டுமல்ல. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 ஜூனில் அதே ஊரில் கூட்டம் நடத்தி, எரித்தது தேவையில்லாத காரியம் என்று அறிவித்தது.

டேங்கருக்குள் வாயு தானாகவே சங்கிலியாகச் சேர ஆரம்பித்து, அந்தச் சூட்டில் டேங்கர் வெடிக்கும் என்பதுதான் சொல்லப்பட்ட பயம். அது வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலையில் 12 உயிர்களைப் பறித்த, பிளாஸ்டிக் மூலப்பொருளான ஸ்டைரீனின் கசிவு, தொட்டியில் இருந்த ஸ்டைரீன் அப்படித் தானாக வினைபுரிந்து சூடேறியதால்தான் நடந்தது. ஆனால் ஒஹாயோவில் டேங்கரின் வெப்பம் குறைந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு வினை நடக்கவில்லை என்று வினைல் குளோரைடைத் தயாரித்த நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். அந்தக் கருத்து, முடிவெடுக்க வேண்டிய தீயணைப்புத் தலைவரிடம் போய்ச் சேரவில்லை. சில நிமிடங்களில் முடிவு சொல்லச் சொல்லி அவரை நெருக்கினார்கள்.

எரித்தால் வாயு பெரும்பகுதி அழிந்துவிடும், உண்மை. ஆனால் அதன் இடத்தில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவும், சிறிதளவு ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும், நிறையப் புகைக்கரியும் வரும். திறந்தவெளியில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் உருவாகலாம். டையாக்சினைச் சோதிக்கச் சொல்லி அரசு ரயில் நிறுவனத்துக்கு உத்தரவிட்டதே மார்ச் மாதத்தில்தான். மக்கள் போராடித்தான் அதையும் வாங்கினார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் புற்றுநோய் வருமா?

தொழிலாளர்களுக்கு நோய் வந்தது ஆண்டுக்கணக்கில், அதிக அளவில் சுவாசித்ததால். சில நாள் சுவாசித்தவர்களின் ஆபத்து அதைவிட மிகக் குறைவு. ஆனால் இந்த வாயுவால் வரும் புற்றுநோய் தலைகாட்ட 10 ஆண்டும் ஆகலாம், 40 ஆண்டும் ஆகலாம். ஆகவே இன்றைக்கு யாரும் “ஒன்றும் ஆகாது” என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. 60 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ரயில் நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பல பத்து ஆண்டுகளுக்கு அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

காற்றிலும் மண்ணிலும் எவ்வளவு காலம் தங்கும்?

காற்றில் சில நாள்களில் சிதைந்துவிடும். ஏரி, ஆற்றின் மேற்பரப்பிலிருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். சிக்கல் நிலத்தடி நீரில். அங்கே ஆவியாக வழியில்லாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நிலத்தடியில் இது வருவதற்குப் பி.வி.சி. ஆலையே தேவையில்லை. டிரை கிளீனிங் கடைகளிலும், உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் பட்டறைகளிலும் பயன்படும் குளோரின் கலந்த கரைப்பான்கள் மண்ணுக்குள் இறங்கினால், காற்றில்லாத ஆழத்தில் கிருமிகள் அவற்றிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். அந்த வழியில் கடைசிக்கு முந்தைய படி வினைல் குளோரைடு. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற ராணுவத் தளத்தில் இதுதான் நடந்தது. முகாமுக்கு வெளியே இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையின் கழிவு உட்படப் பல இடங்களிலிருந்து இறங்கிய கரைப்பான்கள், 1953 முதல் 1987 வரை வீரர்களும் குடும்பங்களும் குடித்த தண்ணீரில் கலந்திருந்தன. அவர்கள் வழக்குப் போடலாம் என்ற சட்டம் 2022-இல்தான் வந்தது.

ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. டீஹாலோகாக்காய்டிஸ் என்ற மண் பாக்டீரியாவில் சில வகைகள் கடைசிக் குளோரினையும் கழற்றி, வினைல் குளோரைடைத் தீங்கில்லாத எத்திலீனாக மாற்றிவிடும். கெட்டுப்போன நிலங்களில் இதைச் செலுத்தியே சுத்தம் செய்கிறார்கள்.

போர்வெல் தண்ணீரில் இருந்தால் காய்ச்சிக் குடிக்கலாமா?

காய்ச்சினால் தண்ணீரிலிருந்து போகும், சமையலறைக் காற்றில் சேரும். சூடான தண்ணீரில் குளிக்கும்போதும் அப்படித்தான். சாதாரண கார்பன் ஃபில்டர் இதைச் சரியாகப் பிடிக்காது. தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தி வெளியே விரட்டும் முறைதான் நன்றாக வேலை செய்யும், அது வீட்டளவில் செய்யும் வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு தண்ணீர் தேடுவதே நல்லது. குடிநீரில் லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவின் வரம்பு 2 மைக்ரோகிராம். உப்பு, கடினத்தன்மை பார்க்கும் வழக்கமான தண்ணீர்ச் சோதனையில் இது தெரியவே தெரியாது. எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்களுக்கான தனிச் சோதனை கேட்க வேண்டும். மாதிரி எடுக்கும் குப்பியில் காற்றுக் குமிழி இருந்தால் முடிவு தப்பாகிவிடும், அதனால் ஆய்வகத்து ஆளே வந்து எடுப்பது நல்லது.

பி.வி.சி. குப்பையை எரித்தால் இந்த வாயு வருமா?

முக்கியமாக வருவது இதுவல்ல. ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும். செம்புக்காகப் பழைய ஒயரை எரிப்பதும், போகியன்று பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதும் அதனால்தான் மோசம். எரிக்கவே எரிக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?

உடலுக்குள் போன வாயு ஓரிரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். சிறுநீரில் அதன் சிதைபொருளைப் பார்க்கலாம், ஆனால் உடனே பார்த்தால்தான் பயன். வேறு காரணங்களாலும் அது கூடும். ஆலையில் வேலை பார்த்தவர்கள், கல்லீரலுக்கான ரத்தச் சோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எண்கள் சரியாக இருக்கின்றனவே என்று நிம்மதி அடைய முடியாது. மேலே சொன்ன லூயிவில் ஆய்வில் கல்லீரல் கெட்டிருந்தும் அந்த எண்கள் பலருக்கு இயல்பாகவே இருந்தன. எத்தனை ஆண்டு, எந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ஓய்வு பெற்றவர்களும் இதைச் செய்ய வேண்டும்.

கசிவு நடந்தால் என்ன செய்வது?

காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகி, மேட்டுப் பகுதிக்குப் போங்கள். காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமான வாயு, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அருகில் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஒரு பொறி போதும். வெளியேற வழியில்லாத அளவுக்குத் தாமதமாகிவிட்டால் ஜன்னல், கதவுகளை ஈரத்துணியால் அடைத்து, மின்விசிறி, ஏ.சி. இல்லாமல் உள்ளேயே இருந்து அறிவிப்பைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இது எங்கே இருக்கிறது? பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்ன கேட்கலாம்?

மேட்டூரில் 1960-களிலிருந்து பி.வி.சி. தயாராகிறது. கடலூர் சிப்காட்டில் 2009-இலிருந்து. கடலூருக்கு வினைல் குளோரைடு கப்பலில் வந்து, கடலில் அமைத்த முனையத்திலிருந்து குழாய் வழியாக ஆலைக்குப் போகிறது.

அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை நிறுவனமும், வெளியே ஊருக்குள் என்ன செய்வது என்ற திட்டத்தை மாவட்ட நிர்வாகமும் வைத்திருக்க வேண்டும். சுற்றியுள்ளவர்களுக்கு ஆபத்தின் தன்மையைத் தெரியப்படுத்துவதும் கடமை. அந்தத் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு என்ன எழுதியிருக்கிறது, கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆலையின் வேலியோரக் காற்றில் வினைல் குளோரைடை அளக்கிறார்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, முடிவு என்ன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும், அதையும் கேட்டு வாங்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் செய்கிற அதே மருத்துவப் பரிசோதனை நடக்கிறதா என்ற கேள்வியைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தனி மனுவாக அனுப்புங்கள். உலையைக் கழுவுவதும் குழாய் இணைப்பைப் பிரிப்பதும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தலையில்தான் விழுகிறது.